நல்லர்போர் சமவெளியைச் சைக்கிளில் கடக்க: சிங்கப்பூரிலிருந்து முதல்முறை கிளம்பும் குழுவுக்கு

ஞாயிறு காலை சாங்கி கரையோரச் சாலையில் அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் காப்பிக்கடையில் பரோட்டாவும் தே தாரிக்குமாக உட்காரும்போதுதான் இந்த ஆசை பெரும்பாலும் கிளம்பும். "இதே தீவை எத்தனை நாளைக்குத்தான் சுற்றுவது?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் கைப்பேசியில் ஆஸ்திரேலிய வரைபடத்தைத் திறப்பார். எங்கள் குழுவிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. நல்லர்போர் என்ற பெயரைக் கேட்டதும், "பேரே நல்ல போர் என்கிறது, போய்ப் பார்த்து வேறு போர் அடிக்கணுமா?" என்று என் மனைவி கேட்டார். லத்தீனில் 'மரமே இல்லை' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். போர் அடிக்கவில்லை. ஆனால் அங்கே போகுமுன் கற்றுக்கொண்டிருக்க வேண்டியவை நிறைய இருந்தன. நாங்கள் போன பிறகு கற்றுக்கொண்டோம்.

முதல் பாலைவனப் பயணத்துக்கு நான் இந்தப் பாதையையே சொல்வேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மனிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனா வரை ஏர் நெடுஞ்சாலை, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். 1976-இல் முழுக்கத் தார் போட்டு முடித்துவிட்டார்கள். மண்பாதை, மணல் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சாகசங்களை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் 1896-இல் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாளில் சைக்கிளில் போயிருக்கிறார், தார்ச்சாலை என்ற பேச்சே இல்லாத காலத்தில். கால் வலிக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அது பெரிதாக உதவவில்லை.

எப்போது, எந்தப் பக்கமிருந்து

மே மாதத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. இதில் பேரமே வேண்டாம். பள்ளி விடுமுறை வருகிறது, விடுப்பு கிடைக்கிறது என்று டிசம்பரில் திட்டம் போடாதீர்கள். 2019 டிசம்பர் 19 அன்று நல்லர்போரில் பதிவான வெப்பம் 49.9 டிகிரி.

குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். அதனால் மேற்கே ஆரம்பித்துக் கிழக்கே போங்கள். 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்களுக்கு மூன்று நாள் முகத்தில்தான் அடித்தது. ஒரு நாளைக்கு 85 கிலோமீட்டர் என்று வைத்தால் பதினான்கு நாள், ஓய்வுக்கு இரண்டு நாள். சிங்கப்பூரிலிருந்து பேர்த்துக்கு ஐந்து மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து கால்கூர்லிக்கு ரயில், பிறகு நார்ஸ்மன் வரை இரண்டு நாள் சைக்கிள். போக வர எல்லாம் சேர்த்து மூன்றரை வாரம் விடுப்புக் கேளுங்கள். ரயிலில் சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு

மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

நல்லர்போர் ஒரு மாபெரும் சுண்ணாம்புப் பாறைப் பலகை, சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர். பெய்யும் கொஞ்ச மழையும் பாறை வெடிப்புகளில் இறங்கிக் குகைகளுக்குள் போய்விடுகிறது. மேலே ஆறும் இல்லை, குளமும் இல்லை. சாலையில் தண்ணீர் என்றால் ரோட்ஹவுஸ்தான். பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அவற்றின் இடைவெளிகள் தோராயமாக இப்படி: நார்ஸ்மனிலிருந்து பல்லடோனியா 190 கிலோமீட்டர், அங்கிருந்து கைகுனா 180. பிறகு காக்கில்பிடி 65, மதுரா 90, முண்ட்ரபில்லா 115, யூக்லா 65, அதை ஒட்டி 12 கிலோமீட்டரில் எல்லைக் கிராமம். அடுத்து நல்லர்போர் ரோட்ஹவுஸ் 185, நண்ட்ரூ 145, பெனாங் 80, செடூனா 75. (ஆமாம், மதுராவும் உண்டு, பெனாங்கும் உண்டு. பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் எந்தத் தமிழனாலும் அந்த மதுராவைத் தாண்ட முடியாது.)

நம் சாங்கியிலிருந்து துவாஸ் வரை நீளவாக்கில் அளந்தாலும் ஐம்பது கிலோமீட்டர்தான். பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே வரும் வளைவே இல்லாத நேர்ச்சாலை மட்டுமே 146.6 கிலோமீட்டர். அதில் ஒரு குழாய்கூடக் கிடையாது.

கணக்கு இப்படிப் போடுங்கள். குளிர்காலத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லிட்டர்: குடிக்க நான்கு, சமைக்கவும் மற்றதுக்கும் இரண்டு. 180 கிலோமீட்டருக்கு இரண்டு நாள் என்றால் 12. எதிர்க்காற்றில் மூன்றாவது நாளின் பாதி போய்விட்டால் இன்னொரு 3. ஆக ஆளுக்கு 15 லிட்டர், அதாவது 15 கிலோ. ஐந்து பேருக்கு 75 கிலோ, கூடவே இன்னொரு ஆளை ஏற்றிக்கொண்டு போவது போல. வெயில் 35 டிகிரியைத் தொட்டால் இந்தக் கணக்கு போதாது. அன்றைக்குக் கிளம்பாமல் ரோட்ஹவுஸிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தண்ணீரையும் ஒரே பெரிய பையில் ஊற்றாதீர்கள். நான்கு லிட்டர் பை இரண்டு, மீதி பாட்டில்கள் என்று பிரித்து வையுங்கள். பெட்டி ஒயினுக்கு உள்ளே இருக்கும் வெள்ளிப் பை நன்றாகக் கழுவினால் அருமையான தண்ணீர்ப் பை. ஒயினை என்ன செய்வது என்பது உங்கள் குழுவின் சொந்த விஷயம். எடை கீழே இருக்கட்டும், முன்சக்கரத்தின் இரு பக்கமும். கேரியரின் மேலே கட்டினால் சைக்கிள் தள்ளாடும்.

இப்போது எங்கள் கதை. நேர்ச்சாலையில் இரண்டாம் நாள் கிழக்கிலிருந்து காற்று. ஏழு மணி நேரம் மிதித்து 55 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. மாலை கூடாரம் போட்டதும், கணக்குப் பார்க்கும் அக்கா எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் பையாக அளந்தார். குழுவில் இளையவரின் முறை வந்தபோது அவர் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுடா இருக்கு?"

"ஒன்றரை பாட்டில், அக்கா."

"நாலு லிட்டர் பை எங்கே?"

கேரியர் கம்பியில் உரசி உரசிப் பையின் மூடி ஓரம் தேய்ந்து, காலையிலேயே முழுவதும் ஒழுகிவிட்டது. அவருக்குப் பத்து மணிக்கே தெரியும். "சொன்னா எல்லாரும் நிறுத்துவீங்கன்னுதான்..." என்றார். அக்கா திட்டவில்லை. "தண்ணி விஷயத்துல வெட்கப்படக் கூடாது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லார் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டு, டம்ளரால் ஐந்து பங்காகப் பிரித்தார். அன்றிரவு சமையல் இல்லை, அவலும் வெல்லமும்தான். மறுநாள் காலை சாலையோரம் காலிப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தச் சாலையில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதாக வந்த கேரவன் நின்றது. ஓய்வுபெற்ற தம்பதி, ஐந்து லிட்டர் கொடுத்து, ஆளுக்கொரு பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

அதிலிருந்து எங்களுக்கு இரண்டு விதி. ஒன்று, தண்ணீர் யார் சைக்கிளில் இருந்தாலும் அது குழுவின் தண்ணீர். இரண்டு, மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை ஆளாளுக்கு மீதியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தேசிய சேவை முடித்தவர்களுக்கு இது புதிதல்ல. வரிசையில் நின்று எல்லாரும் சேர்ந்து தண்ணீர் குடிக்கும் வாட்டர் பரேடை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அலுத்துக்கொண்டோம். அங்கே போனதும் அதன் அருமை தெரிந்தது.

இன்னொன்று. சிங்கப்பூரில் நமக்கு வேர்வை தெரியும்; பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே காற்று காய்ந்திருப்பதால் வேர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிவிடும். சட்டை உலர்ந்தே இருக்கிறது, நமக்கு வேர்க்கவே இல்லை என்று ஏமாந்துபோவோம். மாலையில் கருப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும்போதுதான் உறைக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள். நாக்குக்கு ஊறுகாயும் இருக்கட்டும்.

ரோட்ஹவுஸிலும் தண்ணீர் அருமையான பொருள். குழாயைக் கண்டதும் பாட்டிலைப் பிடிக்காதீர்கள், குடிக்கலாமா என்று கேளுங்கள். சில இடங்களில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஓய்விடங்களில் மழைநீர்த் தொட்டிகள் சில உண்டு. இருந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கேயே பழகுவது

புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான், மேடு ஏறிப் பழக இடமில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நல்லர்போரும் தட்டைதான். மேற்கிலிருந்து வந்தால் மதுராவில் ஒரு இறக்கம், யூக்லாவில் ஒரு ஏற்றம். பழக வேண்டியது மூன்று: சுமை, காற்று, ஏழு மணி நேரம் இருக்கையில் உட்காருவது.

கிளம்புவதற்கு நான்கு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதலில் சனிக்கிழமை மட்டும் 60. அப்புறம் சனி 80, ஞாயிறு 80. இரண்டாம் நாள் காலையில் இருக்கையில் உட்காரும்போது வரும் வலிதான் உண்மையான பரீட்சை. இரண்டாம் மாதத்திலிருந்து ஒன்றரை லிட்டர் பாட்டில் பத்தைப் பைகளில் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். கீழ் வீட்டு ஆன்டி மின்தூக்கியில் பார்த்து, "என்ன, தண்ணி நின்னுடுச்சா?" என்று கேட்பார். பரவாயில்லை. காற்றுக்குச் சாங்கி கரையோரச் சாலையும் லிம் சூ காங்கும் நல்லவை.

சாலையில் குழுவாகப் போகும்போது இங்குள்ள விதி தெரியும்தானே: 2022 ஜனவரியிலிருந்து ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர், அதற்கு மேல் கூடாது. பாலைவனத்துக்கும் ஐந்துதான் நல்ல எண்ணிக்கை என்பேன். மூன்று பேர் என்றால் ஒருவர் படுத்துவிட்டால் சிரமம். எட்டுப் பேர் என்றால் காலையில் கிளம்பவே பத்து மணி ஆகும்.

பழகியதைச் சோதிக்க மலேசியக் கரையிலுள்ள தேசாருவுக்கு ஓர் இரவுப் பயணம் போய் வாருங்கள். சாங்கி முனையிலிருந்து பெங்கேராங்குக்குப் பம்போட் என்ற சிறு மோட்டார் படகு, பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும், சைக்கிளையும் ஏற்றுவார்கள். அங்கே கூடாரம் போட்டு, சமைத்து, மறுநாள் திரும்புங்கள். யார் குறட்டை விடுகிறார், யார் பாத்திரம் கழுவாமல் நழுவுகிறார் என்பதெல்லாம் ஒரே இரவில் தெரிந்துவிடும். பதினாறு நாள் சேர்ந்து இருக்கப் போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது எல்லாருக்கும் நல்லது.

குழுவாக ஓட்டுவது

வேகம் யாருடையது என்று கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மெதுவாக ஓட்டுபவருடைய வேகம்தான் குழுவின் வேகம். வேகமானவர் முன்னால் போய் நிழலில் காத்திருப்பது இங்கே ஈஸ்ட் கோஸ்ட்டில் சரி. அங்கே அவருக்குப் பஞ்சரானால் பம்ப் பின்னால் வருபவரிடம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஒன்றுசேர வேண்டும். தனியாக யாரையும் விடக் கூடாது. ஒருவர் நின்றால் இன்னொருவரும் நிற்க வேண்டும், சிறுநீர் கழிக்கப் போனாலும்கூட.

வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: தண்ணீர்க் கணக்கு, பழுது பார்ப்பது, சமையல், பொதுப்பணம், மருந்துப்பெட்டி. பொதுப்பணத்துக்குத் தொடக்கத்திலேயே ஆளுக்கு இருநூறு ஆஸ்திரேலிய டாலர் போட்டுவிட்டால், பர்கருக்கு யார் கொடுத்தது, காப்பிக்கு யார் கொடுத்தது என்ற முணுமுணுப்பு வராது.

கடைசியில் வருபவர் ஹேண்டில்பாரில் கண்ணாடி கட்டியிருக்க வேண்டும். காரணம், ரோட் ட்ரெயின். லாரிக்குப் பின்னால் இரண்டு மூன்று பெட்டி கோத்து, 36 மீட்டர் நீளத்துக்கு வரும். நம் ஊர் இரட்டை மாடிப் பேருந்து மூன்றை வரிசையாக நிறுத்தினாலே அந்த நீளம்தான் வரும். கடைசி ஆள் "வண்டி!" என்று கத்தினால் எல்லாரும் ஒற்றை வரிசையில் ஓரம். எதிரிலும் ஒன்று வந்தால், அதாவது இரண்டும் உங்கள் இடத்திலேயே சந்திக்கும் என்று தெரிந்தால், யோசிக்காமல் சாலையை விட்டுச் சரளையில் இறங்கி நில்லுங்கள். கடந்து போகும் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருங்கள். கையடக்க யுஎச்எஃப் ரேடியோ ஒன்றைப் பேர்த்தில் வாங்கி 40-ஆம் சேனலில் வைத்திருந்தால், லாரி ஓட்டுநர்களிடம் "முன்னால் ஐந்து சைக்கிள்" என்று சொல்லலாம். பெரும்பாலும் மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே கூடாது. கங்காரு எப்போது எந்தப் பக்கம் தாவும் என்று அதற்கே தெரியாது. சாலையின் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் போட்டு விமான ஓடுபாதை போலச் சில இடங்கள் வரும். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானங்கள் அவசரத்துக்கு இறங்கும் இடம் அது. படம் எடுக்க அங்கே கூட்டமாக நிற்காதீர்கள்.

சைக்கிளும் முள்ளும்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. கேரியர் பூட்ட ஓட்டை உள்ள உறுதியான சட்டம், 38 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், போதும். முக்கியம், ஐந்து பேரும் ஒரே அளவுச் சக்கரமும் ஒரே வகை வால்வும் வைத்திருப்பது. அப்போது ஐந்து டியூப் எடுத்துப் போனால் அது எல்லாருக்கும் ஆகும். ஒருவர் மட்டும் செல்லமாக மடக்கு சைக்கிள் கொண்டு வந்தால் அவருக்கென்று தனிக்கடை தூக்கிப் போக வேண்டும்.

நெருஞ்சி முள்ளைப் பார்த்தவர்களுக்கு டபுள்ஜீயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் முள் அது. எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும். சாப்பிட உட்காரும்போது சைக்கிளைப் புல்தரையில் உருட்டாதீர்கள், தூக்கி வையுங்கள். ஒரு மதியம் நான் சோம்பேறித்தனமாக உருட்டியதில் இரண்டு டயரிலும் சேர்த்துப் பதினொரு முள் பிடுங்கினேன். ஒட்டுக்கு ஒட்டுப் போட்ட டியூப் இன்னும் வீட்டில் இருக்கிறது.

கூடவே ஸ்போக், செயின் இணைப்பு, பிரேக் கட்டை, உங்கள் சட்டத்துக்கே உரிய டெரெயிலர் ஹேங்கர் (பின் கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டு). ரோட்ஹவுஸில் டயர் கிடைக்கும், லாரிக்கு.

சாப்பாடு, தூக்கம், அவசரம்

நார்ஸ்மனுக்கும் செடூனாவுக்கும் நடுவே பேரங்காடி என்று எதுவும் கிடையாது. ரோட்ஹவுஸில் பர்கர், பொரித்த உருளை, இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி கிடைக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் உருளைக்கிழங்கோடு உறவாடத் தயாராக இருக்க வேண்டும். அவல், ரவை, பருப்புப்பொடி, வேர்க்கடலை, புளிக்காய்ச்சல் எல்லாம் தண்ணீரும் எரிவாயுவும் அதிகம் கேட்காதவை. தேக்காவில் வாங்கியதைக் கடைப் பொட்டலத்தோடு, பெயர் எழுதிய சீட்டோடு கொண்டு போங்கள். ஆஸ்திரேலியா இறங்கும்போது உணவு எல்லாவற்றையும் அட்டையில் அறிவியுங்கள். அம்மா கொடுத்த கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம் பெரிது. சைக்கிள் டயரிலும் காலணியிலும் மண் ஒட்டியிருந்தால் அதுவும் பிரச்சினைதான், இங்கேயே கழுவித் துடைத்து விடுங்கள். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, பேர்த்தில் வாங்குங்கள்.

குளிரை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். இரவில் வெப்பம் பூஜ்யம் அருகே இறங்கும். பூஜ்யம் டிகிரிக்கு ஏற்ற தூக்கப்பை, கம்பளித் தொப்பி, கையுறை. பகலில் ஈக்கள், முகத்துக்கு வலை போட்டால் பார்க்கக் கோமாளி மாதிரி இருக்கும், போடாவிட்டால் ஈயை விழுங்க வேண்டும். மரமில்லாச் சமவெளி என்று பேர் இருந்தாலும் நெடுஞ்சாலை போகும் வழியில் பெரும்பாலும் புதர்க்காடுதான். கூடாரத்துக்கும் மற்ற தேவைக்கும் மறைவு கிடைக்கும். மண்வெட்டி ஒன்று சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி ரோட்ஹவுஸ் பக்கம் மட்டுமே வேலை செய்யும். குழுவுக்கு ஒரு பிஎல்பி கருவி கட்டாயம்; அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு இடம் தெரியும். கால்வலிக்கு அழுத்தாதீர்கள். அதை யார் சைக்கிளில், எந்தப் பையில் வைத்திருக்கிறோம் என்று ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிக்னல் உள்ள இடத்தில் அவசர எண் 000. மருத்துவ விமானச் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி எடுங்கள்.

கடிகாரம் ஒரு வேடிக்கை. பேர்த்தும் சிங்கப்பூரும் ஒரே நேரம். கைகுனா பக்கம் தொடங்கி எல்லைக் கிராமம் வரை 45 நிமிடம் கூடுதலாக ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள், அதிகாரபூர்வமில்லாமலே. அதைத் தாண்டினால் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். ரோட்ஹவுஸ் சமையலறை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் எந்த நேரத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு நாள் இரவு உணவு சிப்ஸ் பாக்கெட்தான்.

கடைசியாகச் சில வேலைகள்

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியைச் செயலியிலேயே வாங்கிவிடலாம். இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்பவர்கள் தனியே சுற்றுலா விசா போட வேண்டும், அதற்கு நாளாகும். குழுவில் இருவகை ஆட்களும் இருந்தால் விசா வந்த பிறகு விமானச்சீட்டு எடுங்கள்.

செடூனாவில் சோதனைச்சாவடி உண்டு. பழ ஈ பரவாமல் இருக்கப் பழம், காய்கறிகளைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். முந்தின இரவு பெனாங்கில் மீதியிருந்த தக்காளி, வெங்காயம், ஐந்து ஆரஞ்சு எல்லாவற்றையும் சாப்பிட்டுத் தீர்த்தோம், வெங்காயத்தைப் பச்சையாகவே. செடூனாவிலிருந்து அடிலெய்டு இன்னும் 780 கிலோமீட்டர். பேருந்தில் போவதானால் சைக்கிளை ஏற்றுவார்களா, அட்டைப்பெட்டி வேண்டுமா என்று சிங்கப்பூரிலிருந்தே எழுதிக் கேட்டு, பதிலை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வாய்வார்த்தையை நம்பிப் போய், ஒரு கடையின் பின்கட்டில் குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைகளைப் பொறுக்கி, டேப் சுற்றி, இரவு பதினொரு மணி வரை ஐந்து சைக்கிளைப் பொட்டலம் கட்டினோம். அதனால் பெரிய டேப் சுருள் இரண்டு எடுத்துப் போங்கள்.